கரியைப் பூசினால் சிவப்பாகும்: ஒரு வடசென்னைப் பாடத்திட்டம்

இணையத்தில் போட்டோ எடிட்டிங் பாடம் நடத்தும் நம்ம ஊர் வாத்தியார்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? லேயரா, மாஸ்க்கா, பென் டூலா? வாத்தியார் மனசாட்சிப்படி ‘ஒளியைப் புரிந்துகொள்வது எப்படி’ என்று ஒரு வீடியோ போடுவார். அதைப் பார்ப்பவர்கள் அவருடைய மச்சானும் இன்னும் நாலு பேரும். ‘முகத்தை வெள்ளையாக்குவது எப்படி’ என்று போட்டால் ஊரே திரண்டு வரும். மனசாட்சி அத்தோடு ரிசைக்கிள் பின்னுக்குப் போய்விடும்.

இது யூடியூப் வந்தபிறகு வந்த வியாதி என்று நினைத்தால், ராயபுரம் பக்கம் ஒருநடை போய்வாருங்கள். பிராட்வேயில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும், 170 வருடமாக இதே பாடத்திட்டம்தான் ஓடுகிறது. அதை எழுதியவர் எந்தக் கலைமேதையும் இல்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் கையில் சில்லறையோடு நின்றவர்.

பாடம் ஒன்று: வானத்துக்கு மேகம் போடுதல்

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற கும்பெனி டாக்டர், பிராட்வேயில் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் திறந்தார். நாடி பிடிக்க வேண்டிய மனிதர், பையன்களுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நோயாளிகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கக்கூடும். அந்தப் பள்ளிதான் பின்னால் பெரியமேட்டுப் பக்கம் நகர்ந்து, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது.

1856-ல் அதே ஹண்டர் முன்நின்று மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது. அதே வருடம் ஜூலை 1-ம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு நோக்கிப் புகைவிட்டுக் கிளம்பியது. ஊரை விட்டுப் போகவும், போனவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஒரே வருடத்தில் ஏற்பாடு ஆகிவிட்டது.

இந்தக் கதையின் கதாநாயகன் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். பெயரைக் கேட்டால் செடிகொடி ஆராய்ச்சிக்காரர் என்று தோன்றும். ஆள் மெட்ராஸ் ராணுவம். 1855-ல் பர்மா மன்னர் மிண்டோனைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் கையில் இருந்தது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். அதன் மருந்துக்கு நீல வெளிச்சம் என்றால் உயிர். பகோடாவின் செங்கல் நிதானமாகப் பதிவாவதற்குள், நீல வானம் அவசரப்பட்டு விழுந்தடித்துப் பதிந்து கருகிவிடும். பிரிண்ட் போட்டால் வானம் வெள்ளைவெளேர், இல்லையென்றால் திட்டுத்திட்டாக அசிங்கம்.

மேலதிகாரியிடம் மொட்டை வானத்தை நீட்டமுடியுமா? ட்ரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின்மேல் சாயம் தொட்டு மேகம் போட்டார். மரத்தில் இலை தெளிவாக விழவில்லையா, அதையும் கையாலேயே சரிசெய்தார். இன்று மியூசியத்தில் கைகட்டி நின்று ‘ஆஹா, அந்தக் காலத்து பர்மா’ என்று நாம் வியக்கும் படங்கள் சிலவற்றில், பகோடா பர்மாவுடையது; மேகம் கேப்டனுடையது.

ஆக, எடிட்டிங் நமக்கு பர்மா வழியாக வந்தது. இதை மனதில் வையுங்கள், பர்மா இன்னொரு தடவை வரும்.

திரும்பி வந்தவரை 1856-ல் மெட்ராஸ் அரசாங்கம் தன் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. ஹண்டர் பள்ளி மாணவர்கள் அவரிடம் தொழில் கற்றார்கள். அவர்களில் ஐயாசாமி என்ற தமிழர் பெயர் ஏட்டில் நிற்கிறது. ஐயாசாமி பார்த்த பாடத்தில் ஸ்கிப் பட்டன் கிடையாது, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டவும் முடியாது. காகிதம் ஊறவேண்டும், மெழுகு உருகவேண்டும், வெயில் வரவேண்டும், துரைக்கு மூடு வரவேண்டும்.

1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டை ட்ரைப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி இன்று நாம் எடுக்கும் பனோரமா, அன்றைக்குக் கத்தரி, பசை, பொறுமை மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

இப்படி அருமையாக ஓடிக்கொண்டிருந்த சேனலை 1859-ல் புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன் இழுத்து மூடினார். இதெல்லாம் ஆடம்பரம், கஜானா தாங்காது என்பது அவர் வாதம். தமிழகத்தில் முதல் போட்டோ எடிட்டிங் வகுப்பு நின்றுபோனது திறமைக் குறைவால் அல்ல, பட்ஜெட்டால்.

பாடம் இரண்டு: கரியைப் பூசிச் சிவப்பாக்குதல்

அடுத்த நூறு வருடத்தில் வடசென்னைக்கு ஆலைகள் வந்தன. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். பின்னால் டயருக்கு மாறியது. 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வண்டி கட்டி, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-ல் என்ஃபீல்டு வந்து திருவொற்றியூரில் ‘டுபுடுபு’வென்றது. இத்தனை ஆலைக்கும் கேட் பாஸ் வேண்டும், கேட் பாஸுக்குப் படம் வேண்டும். படமெடுக்க வந்த ஆள், ‘அப்படியே வீட்டுக்கும் ஒண்ணு நல்லதா எடுங்க’ என்பார். அந்த ‘நல்லதா’வில்தான் டச்சிங் தொழில் பிழைத்தது.

டச்சிங் மேசையைப் பார்க்காதவர்களுக்காக: சாய்வான மரப்பலகை, நடுவே ஒரு சதுர ஓட்டை, அதில் தேய்த்த கண்ணாடி. அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். நெகட்டிவை அதன்மேல் வைத்து, மருந்தெண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டுப் பஞ்சால் தேய்த்தால்தான் பென்சில் பிடிக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்குவார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தின்மேல் குட்டிக்குட்டிக் கீற்றாகப் போட்டு நிரப்பவேண்டும். தும்மினால் வாடிக்கையாளருக்கு மச்சம் முளைத்துவிடும்.

இங்கேதான் வேடிக்கை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே விழும் நிழல் எல்லாம் அதில் வெளிறிய பள்ளங்களாகத் தெரியும். அங்கே பென்சில் கரியை நிரப்பினால் வெளிச்சம் தடைபடும். தடைபட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். ஆக, ஒருவரைச் சிவப்பாக்க வேண்டுமென்றால் அவர் முகத்தில் கரியைப் பூசவேண்டும். தெருவில் கரியைப் பூசினால் மானம் போகும்; ஸ்டுடியோவில் பூசினால் மாப்பிள்ளை கிடைப்பார்.

“அண்ணே, பொண்ணு கொஞ்சம் மாநிறம். பாத்துப் போடுங்க.”

“பாத்துத்தாம்மா போடுறேன். ரொம்பப் போட்டா, நேர்ல வந்து பாக்குற மாப்பிள வீட்டுக்காரங்க நேரா என் கடைக்குத்தான் வருவாங்க.”

துறைமுகத்தில் மூட்டை சுமந்து காய்ந்தவர், காசிமேட்டில் வலை இழுத்துக் கருத்தவர், எண்ணூரில் உலைக்கு முன்னால் நின்று வெந்தவர் என்று மூவரும் மூன்று நிறத்தில் படியேறுவார்கள். படம் வாங்கிக்கொண்டு இறங்கும்போது மூவரும் ஒரே பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்தவர்கள்மாதிரி இருப்பார்கள். உடம்பை வருத்திச் சம்பாதித்த நிறத்தை, சம்பாதித்த காசைக் கொடுத்தே அழித்துக்கொண்ட ஒரு தொழிலாளர் வர்க்கத்தை மார்க்ஸ் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பாடம் மூன்று: இறந்தவர் கண்ணைத் திறத்தல்

வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவதில்லை. ‘அடுத்த தீபாவளிக்குப் பாத்துக்கலாம்’ என்பார்கள். பெரியவர் தீபாவளிக்குக் காத்திருக்க மாட்டார். அப்புறம்தான் போட்டோக்காரருக்கு ஆள் பறக்கும். நாற்காலியில் சாய்த்து, தாடையில் துணிக்கட்டோடு எடுத்த படம் ஸ்டுடியோவுக்கு வந்ததும் அடுத்த கோரிக்கை வரும்: “கட்டை எடுத்துடுங்க. கண்ணைத் தெறந்துடுங்க. லேசா சிரிக்கிற மாதிரி பண்ணிடுங்க.”

பண்ணினார்கள். என்லார்ஜ் செய்த பிரிண்டில் தூரிகையால் இமை வரைந்து, விழி வரைந்து, கடைசியில் கருவிழியில் ஒரு கடுகளவு வெள்ளைப் புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி விழுந்த நொடியில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனால் தாத்தா பக்கத்து வீட்டை முறைப்பார். பேரன்கள் இரவில் ஹாலைக் கடந்து போகவே பயப்படும் எத்தனையோ தாத்தாக்கள், புள்ளி தள்ளிப்போன தாத்தாக்கள்தான்.

அப்பா ஒரு படத்தில், அம்மா இன்னொரு படத்தில் இருந்தால், கத்தரித்து ஒட்டி, சேர்த்துப் படமெடுத்து, ஓரத்தைத் தீற்றி ஜோடியாக்கினார்கள். வாழ்நாளில் தோளோடு தோள் நின்றறியாத தம்பதியர் சுவரில் நெருங்கி உட்கார்ந்தார்கள். சினிமா இதையே பெரிய அளவில் செய்தது. 1940-ல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் வந்து, தமிழ் சினிமாவுக்கு அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு சின்னப்பாவை இரண்டாக்க ஒரு ஸ்டுடியோவே உழைத்தது. இரண்டு படத்தை ஒன்றாக்க, தண்டையார்பேட்டையில் ஒருவர் பிளேடும் பசையுமாக உழைத்தார். அவர் பெயர் எந்த டைட்டிலிலும் வரவில்லை.

பாடம் நான்கு: பின்னணியைப் பெயர்த்தெடுத்தல்

1987-ல் அமெரிக்காவில் தாமஸ் நால் என்ற ஆராய்ச்சி மாணவர், படிக்கிற வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் படத்தோடு விளையாட ஒரு மென்பொருள் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சிக் கம்பெனியில் இருந்த தம்பி ஜான் கூடச் சேர்ந்தார். 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் அதை போட்டோஷாப் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. செய்துகாட்டுவதற்கு ஜான் எடுத்துவைத்திருந்த படம், போரா போரா தீவின் கடற்கரையில் அவர் காதலி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது. அந்தப் படத்தில் இருப்பதைப் பிரதியெடுத்துப் பெருக்கிக்காட்டித்தான் வாடிக்கையாளர் வாயைப் பிளக்கவைத்தார்கள். உலகத்தின் முதல் போட்டோஷாப் பாடத்துக்கும் மூலதனம் ஒரு பெண்ணும் ஒரு கடற்கரையும்தான். நம்மவர்கள் எதையும் புதிதாகக் கெடுத்துவிடவில்லை.

அந்த மென்பொருள் வடசென்னைக்கு எப்படி வந்தது? பர்மா வழியாக. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே உருவானது பர்மா பஜார். 2002-ல் போட்டோஷாப் 7 வெளிவந்த காலத்தில், உரிமம், விலை போன்ற அற்ப விஷயங்களைத் தாண்டிய ஒரு சிடியாக அது அந்த நடைபாதையில் குடியேறியது. மேகம் போடக் கற்றுத்தந்த கேப்டனும் பர்மா ரிட்டர்ன், மென்பொருளை விற்ற கடையும் பர்மா ரிட்டர்ன்.

டி.டி.பி. சென்டர்ப் பையன்களுக்கு அந்த மென்பொருளில் முதலில் மனப்பாடமானது ஒரு பெயர்: சீத்தாராமன் நாராயணன். போட்டோஷாப் திறக்கும்போதெல்லாம் தயாரித்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் முன்வரிசையில் பளிச்சென்று வரும். அந்தக்காலப் பெண்டியம் திறந்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில், சாமி பெயரைச் சொல்வதுபோல அதைப் பத்துத்தரம் படித்துவிடலாம். அமெரிக்கக் கம்பெனியின் முகப்பில் நம்மூர் மாமா பெயர் எப்படி வந்தது என்பதுதான் சிஸ்டம் ஹேங் ஆகும்போதெல்லாம் நடக்கும் பட்டிமன்றத் தலைப்பு.

திறந்த பிறகு சோறு போட்ட பாடம் பாஸ்போர்ட் சைஸ். கப்பலுக்குப் போகிறவர், வளைகுடாவுக்குப் போகிறவர், ஆலையில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்கிறவர் எல்லோருக்கும் 35-க்கு 45 மில்லிமீட்டரில் வெள்ளைப் பின்னணி வேண்டும். ‘எட்டு காப்பி, அர்ஜென்ட்’ என்று வாசலில் நிற்கும் ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் முடியோரம் பிசிறில்லாமல் வெட்டத் தெரிந்தவனே கைகாரன். வெள்ளை பனியனோடு வந்தவருக்குக் கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் மாட்டிவிடுவது கூடுதல் சேவை. வடசென்னையில் ஒரே கோட்டை ஆயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். அது ஒருதரம்கூட சலவைக்குப் போனதில்லை.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கட்-அவுட் ஓவியர்களின் ஏணி இறங்கியது, பென் டூல் ஏறியது. காதுகுத்துக்கு ஒரு பேனர், மஞ்சள் நீராட்டுக்கு ஒரு பேனர், கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு பேனர். முதல் பிறந்தநாள் குழந்தை கூலிங் கிளாஸோடு சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து போன் பேசும். இறந்தவர் மேகத்திலிருந்து கும்பிடுவார். கீழே முட்டை வடிவத்தில் முப்பது தலைகள். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் மறுநாள் குடும்பம் இரண்டாகும். லேயர் என்றால் என்ன என்று எந்த வீடியோவும் பார்க்காமலே இந்தப் பையன்கள் புரிந்துகொண்டது அப்படித்தான். தலைவர் மேல் லேயர், மாவட்டம் அடுத்த லேயர், வட்டம் அதற்குக் கீழே. காசு கொடுத்தவர் எந்த லேயரில் இருந்தாலும் பெரிதாக இருப்பார்.

2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. இறந்தவரை உயிரோடு காட்டக் கற்ற தொழிலுக்கு அது விசித்திரமான பரீட்சை. ஆனால் 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனபோது, இதில் சிரிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அழகாக வெட்டத் தெரிந்தது; எங்கே கட்டக்கூடாது என்பது யாருடைய பாடத்திலும் இல்லை.

பாடம் ஐந்து: அரசாங்க டச்சப்

பொதுஜனம்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மிதந்தபோது, பிரதமர் விமான ஜன்னல் வழியாகப் பார்வையிடும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளம் துலக்கமாக, வீடுவீடாகத் தெரிந்தது. அளவுக்கு மீறித் துலக்கம். ஜன்னலுக்குள் வேறு படத்தை ஒட்டியிருந்தார்கள். கேலி தாங்காமல் படத்தை நீக்கிவிட்டு, இரண்டு படங்களை இணைத்துவிட்டதாகவும் அது தவறான முடிவென்றும் அறிக்கை விட்டார்கள். நம் பேனர்ப் பையனைக் கேட்டிருந்தால் ஓரத்துக்கு ஃபெதர் போட்டுக் கொடுத்திருப்பான். அதே வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலத்தில் முதல்வர் படத்தை ஒட்டுவது பற்றி எழுந்த சர்ச்சைக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. ஸ்டிக்கர் போதுமானதாக இருந்தது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு ஏதும் இல்லை என்று துறைமுகத் தரப்பின் முதல் அறிக்கை கடலையே டச்சப் செய்தது. கடலுக்கு அந்த அறிக்கை கிடைக்கவில்லை போலும். எர்ணாவூர்க் கரையில் கருப்புக் குழம்பு ஒதுங்கியது. மீனவர்களும் இளைஞர்களும் பிளாஸ்டிக் வாளியில் அதை அள்ளினார்கள். முழங்கை வரை கருப்பு அப்பிய அந்தப் படங்கள் நாடெங்கும் போயின. 170 வருட வரலாற்றில் வடசென்னைக்காரர் கருப்பாகவே அச்சான அபூர்வப் படங்கள் அவை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் மறுபடி கருத்தன. கல்யாண ஆல்பத்துக்காக எண்ணூர்க் கடற்கரையில் ஜோடியை நிறுத்திப் படமெடுப்பவர்கள், பின்னால் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஒரே அழுத்தில் அழித்துவிடுகிறார்கள். 2010-ல் போட்டோஷாப்பில் வந்த வசதி அது. புகை மட்டும் எந்த அழுத்துக்கும் மசியவில்லை.

அப்படியானால் எதைச் சொல்லிக்கொடுப்பது?

2025-ல் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், மேலே சொன்ன ஐந்து பாடத்தையும் ஒரு வரிக் கட்டளையில் முடித்துவிடுகின்றன. மேகம் வரும், நிறம் வரும், தாத்தா வந்து கட்டிப்பிடிப்பார். புள்ளி தள்ளிப்போகாது. ஆகவே வாத்தியார்களே, இந்த ஐந்தையும் நடத்தி இனி நீங்கள் பிழைக்கமுடியாது. மீந்திருப்பது கருவிக்குத் தெரியாத பாடங்கள்தான்.

முதல் பாடமாக, வெள்ளத்தில் நனைந்த ஆல்பத்தை மீட்பதை வையுங்கள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வருடாவருடம் தண்ணீர் ஏறும் வீடுகளுக்கு அதுதான் தேவை. நனைந்த படத்தைத் துடைக்கக்கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலே பார்க்கும்படி நிழலில் உலர்த்தவேண்டும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கக்கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுக்கவேண்டும். 600 டி.பி.ஐ.யில் எடுத்த அந்த அசல் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்யவேண்டும். இது ஒரு வீடியோ. பாஸ்போர்ட் படத்தை வீட்டிலேயே சரியான அளவில் வெட்டுவது இரண்டாவது வீடியோ. ஒட்டுப்போட்ட படத்தை ஓரத்தையும் நிழலையும் பார்த்துக் கண்டுபிடிப்பது மூன்றாவது. வாக்குரிமை வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் மூன்றாவது பாடம் கட்டாயம்.

முகத்தை வெள்ளையாக்கும் பாடத்தைக் கேட்டு இன்னமும் ஆள் வருவார்கள். வரட்டும், அந்தப் பாடத்தை மட்டும் எடுக்காதீர்கள். கிழிசலை ஒட்டச் சொல்லிக்கொடுங்கள், பூஞ்சையை நீக்கச் சொல்லிக்கொடுங்கள். துறைமுக வெயிலில் நின்று அப்பா சம்பாதித்த நிறத்தில் கை வைக்கவேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள்.